கம்பெனிப் பெயரா, மாடலா, பக்கத்து சர்வீஸா? நெல்லைச் சீமையில் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரியில் சேருகிற காலம் வந்துவிட்டால், "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்ற கேள்வி என்னிடம் வராத நாள் இருக்காது. பாளையங்கோட்டையில் சில பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். அதனால் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள். இந்த வருடம் கேட்டவர் என் மதினி. திசையன்விளையில் இ-சேவை மையம் தொடங்கப் போகிறார். மகன் பொறியியல் சேருகிறான். கடைக்கு ஒரு மெஷின், கல்லூரிக்கு ஒரு மெஷின், இரண்டுக்கும் பணம் ஒரே சேமிப்பிலிருந்து. "தம்பி, நல்ல கம்பெனியா ஒண்ணு சொல்லிருங்க, ரெண்டையும் அதுலயே வாங்கிருதேன்" என்றார்.

கம்பெனிப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் கடந்த முப்பது வருடங்களில் நடந்தவற்றைப் பார்த்தவர் யாரும் ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிட மாட்டார். ஒரு கம்பெனியின் நல்ல பெயர் அதன் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது; எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். உறுதியான கணக்கு இருப்பது அதற்குத்தான். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மற்றவர்களுடைய கோப்புகளை இணைய வழியில் வாங்கிப் பத்திரப்படுத்தி வைக்கிற தொழில் செய்கிறது. ஆயிரக்கணக்கில் ஹார்ட் டிஸ்க் வாங்கி இரவும் பகலும் ஓடவிடுகிறார்கள். எந்த மாடல் எவ்வளவு பழுதானது என்ற கணக்கை 2013 முதல் வெளியிட்டும் வருகிறார்கள். அந்தக் கணக்கில் 2014-ஆம் ஆண்டைப் பாருங்கள். சீகேட் என்ற டிஸ்க் கம்பெனியின் 3 டிபி (டெராபைட் கொள்ளளவு) மாடல் ஒன்றின் ஆண்டுப் பழுது விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு, அதே பேக்பிளேஸ், அதே சீகேட்டின் 4 டிபி மாடலில் அது 3 சதவீதத்துக்கும் கீழே. "சீகேட் நல்லதா?" என்ற கேள்விக்கு அந்த ஆண்டில் என்ன பதில் சொல்வது? எல்லாக் கம்பெனி டிஸ்க்குகளையும் சேர்த்தால் அவர்களுடைய ஆண்டுப் பழுது விகிதம் 2023-இல் 1.70 சதவீதம், 2024-இல் 1.57 சதவீதம். சராசரியாகப் பார்த்தால் எல்லாரும் நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆபத்து குறிப்பிட்ட சில மாடல்களில் ஒளிந்திருக்கிறது.

காலம் எப்படிப் பெயரைப் புரட்டிப்போடும் என்பதற்கு ஐபிஎம் கதை. 2000-இல் வந்த அவர்களுடைய டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் படுத்து, 2001-இல் வழக்கு வரைக்கும் போனது. 'டெத்ஸ்டார்' என்றே உலகம் கூப்பிட்டது. பிறகு ஐபிஎம் அந்தப் பிரிவையே ஹிட்டாச்சிக்கு விற்றுவிட்டது. பத்து வருடம் கழித்து பேக்பிளேஸ் கணக்கில் மிகக் குறைவாகப் பழுதான டிஸ்க்குகள் எவை என்று பார்த்தால், அந்த ஹிட்டாச்சி டிஸ்க்குகள்தான். 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹிட்டாச்சியின் பிரிவை வாங்கியது. அந்த வெஸ்டர்ன் டிஜிட்டலே 2020-இல், சேமிப்புச் சர்வர்களுக்கென்று விற்ற ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் தகவலை மெதுவாகப் பதிகிற முறையை வாங்குகிறவர்களுக்குச் சொல்லாமல் புகுத்தி மாட்டிக்கொண்டது.

டெல் கதையை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. 2003 முதல் 2005 வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 போன்ற மெஷின்களில் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் சேரும் தாய்ப் பலகை) இருக்கும் கெபாசிட்டர்கள் என்ற சின்ன மின் பாகங்கள் வீங்கி வெடித்தன. அப்போது பல கம்பெனிகளின் போர்டுகளில் இந்த நோய் இருந்தது. இதைச் சரிசெய்ய டெல் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் பின்னால் நடந்த வழக்கில் வெளிவந்தது வேறு விஷயம். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறை புகார் சொன்னபோது, கடினமான கணக்குகளைப் போட்டு நீங்கள்தான் மெஷினை வருத்திவிட்டீர்கள் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கணிதத் துறைக்கு! பாகம் கெட்டது விபத்து. அந்தப் பதில் விபத்து கிடையாது. இத்தனைக்கும் அதே டெல்லின் ஆபீஸ் லேப்டாப்களை இன்று நான் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். காலம் மாறியிருக்கிறது, மாடலும் வேறு.

இன்டெல் இரண்டு முறை சோதனைக்கு ஆளானது. 1994-இல் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தப்பாக வந்தது. உங்களுக்குத் துல்லியமான கணக்கு தேவை என்று நிரூபித்தால் மாற்றித் தருகிறோம் என்று முதலில் முரண்டு பிடித்தார்கள். ஊர் சிரித்த பிறகு, டிசம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். 2024-இல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் நிலையில்லாமல் தடுமாறியபோது, திருத்தம் வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டினார்கள். இரண்டு முறையும் தப்பு நடந்திருக்கிறது. ஒரு கம்பெனியை நம்பலாமா என்று நான் எடைபோடுவது, தப்புக்குப் பிறகு அது நடந்துகொண்ட விதத்தை வைத்து.

மூடிக்குள்ளே யார் இருக்கிறார்கள்

லேப்டாப் மூடியில் இருக்கும் பெயர் பெரும்பாலும் அதைக் கோத்தவருடைய பெயர் அல்ல. குவான்டா, காம்பல், விஸ்ட்ரான் போன்ற தைவான் கம்பெனிகள்தான் பல பிராண்டுகளுக்கு லேப்டாப் செய்து தருகின்றன. ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) சிப்புகளை எடுத்துக்கொண்டால், உலகத் தேவையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரிடமிருந்து வருகிறது. வெளியே எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், மெமரி சிப்பால் ஆன எஸ்எஸ்டியில் இன்னொரு சங்கடம். பெயரும் பெட்டியும் அப்படியே இருக்கும், உள்ளே பாகம் மாறிவிடும். கிங்ஸ்டன் வி300 எஸ்எஸ்டியில் முதலில் வேகமான மெமரி சிப் வைத்து நல்ல பெயர் வாங்கி, பிறகு மெதுவான சிப்பை வைத்தார்கள். 2014-இல் அது பெரிய சர்ச்சையானது. அதோடு நின்றதா? 2021-இல் குரூசியல் பி2, வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்550, சாம்சங் 970 ஈவோ பிளஸ் என்று வரிசையாகப் பல மாடல்களில் பாகம் மாறியது தெரிய வந்தது. அதனால் எஸ்எஸ்டி பற்றி மூன்று வருடத்துக்கு முந்திய விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்று வாங்குவதில் அர்த்தம் இல்லை. புதிதாக வந்ததைப் படியுங்கள். பெட்டியில் எத்தனை வருட வாரண்டி, எத்தனை டிபி எழுதும்வரை வாரண்டி என்ற இரண்டையும் பாருங்கள். பெயருள்ள 1 டிபி எஸ்எஸ்டிக்கு 5 வருடம், 600 டிபி என்று இருந்தால் நல்ல கணக்கு. வீட்டிலோ சின்னக் கடையிலோ அந்த 600 டிபியை நெருங்கவே முடியாது.

கம்பெனி தன் பொருளை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு வாரண்டி காலமே ஓர் அளவு. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் ஆலைகள் மூழ்கிய அந்த வருடக் கடைசியில், சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சாதாரண ரக டிஸ்க்குகளின் வாரண்டியைக் குறைத்தன. விலையோ ஏறியிருந்தது. போட்டி குறைந்தால் வாரண்டியும் சுருங்கும்.

கல்லூரிக்கு எந்த லேப்டாப்?

மகனுக்கு நாங்கள் எடைபோட்டவை மூன்று. முதலாவது, கடையில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டு ரக லேப்டாப்: ஐடியாபேட், இன்ஸ்பிரான், பெவிலியன், விவோபுக், ஆஸ்பயர் போன்றவை. இரண்டாவது, அதே கம்பெனிகளின் ஆபீஸ் ரகம்: திங்க்பேட், லாட்டிட்யூட், புரோபுக், எக்ஸ்பர்ட்புக், டிராவல்மேட். டெல் 2025-இல் பெயர்களை மாற்றி, ஆபீஸ் ரகத்தை 'டெல் புரோ' என்று விற்கிறது. மூன்றாவது, நகரத்து ஆபீஸ்களில் மூன்று நான்கு வருடம் ஓடி, சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் லேப்டாப்.

என் அனுபவத்தில் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் வீட்டு ரகத்துக்கும் ஆபீஸ் ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வீட்டு ரகத்தில் அதே விலைக்கு வேகமான பிராசஸரும் பளபளப்பான திரையும் கிடைக்கும். கஞ்சத்தனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். ஹிஞ்ச்சை (திரையைத் திறந்து மூடும் கீல்) பிடித்திருக்கும் திருகு பிளாஸ்டிக்கில் இறங்கியிருக்கும். இரண்டு வருடம் திறந்து மூடினால் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கும். கல்லூரி மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் லேப்டாப்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த ஹிஞ்ச் உடைவும், சார்ஜர் சொருகும் இடம் ஆட்டம் காண்பதும்தான். ஆபீஸ் ரகத்தை ஒரு நிறுவனம் நூற்றுக்கணக்கில் வாங்கும்; கெட்டால் நூற்றுக்கணக்கில் திட்டும். அந்தப் பயம் வடிவமைப்பிலேயே தெரியும். பாகங்களும் நெடுங்காலம் கிடைக்கும். எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்ற கையேட்டையும் லெனோவா, டெல், ஹெச்பி மூவரும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரே கம்பெனிக்குள் இருக்கும் இந்தக் கோட்டுக்கு ஒரு சாட்சி. 2015-இல் லெனோவா தன் வீட்டு ரக லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்று, பாதுகாப்பையே ஓட்டையாக்கிவிட்டதாகக் கடுமையாக வாங்கிக்கட்டிக்கொண்டது. திங்க்பேட் வரிசையில் அது ஏற்றப்படவில்லை.

"ராணுவத் தரம், எம்ஐஎல் 810" என்ற விளம்பரத்துக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை. அந்தத் தரநிலையில் பல சோதனைகள் உண்டு. எதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ரீஃபர்பிஷ்டு விஷயத்தில் பலருக்கு இருக்கும் அருவருப்பு தேவையில்லாதது. அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டும் வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது மலிவாகக் குவிவதற்கு இதுதான் காரணம்; விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடத் தெரிந்தவர் தவிர மற்றவர்கள் தொட வேண்டாம். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டோ பழைய கம்பெனியின் பூட்டோ இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று அதில் தெளிவாக வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். எஸ்எஸ்டியின் ஆயுளைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும்.

"சித்தப்பா, கேமிங் லேப்டாப்னா எல்லாத்துக்கும் ஆகும்லா?" என்று பையன் கேட்டான். ஆகும். ஆனால் பேட்டரி நிற்காது, சூடு தாங்க வேண்டும், ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டும். அவன் எடுத்திருக்கும் சிவில் பாடத்துக்கு அது அவசியமும் இல்லை.

தூரம் ஒரு விலை

சென்னைக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இந்த விஷயம் வராது. நமக்கு இதுதான் பாதித் தீர்ப்பு. ஒரு கம்பெனிக்கு நெல்லையில் சர்வீஸ் இருக்கிறதா? இருந்தால் பாகம் கையிருப்பில் இருக்கிறதா, அல்லது மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டுமா? 'ஆன்சைட்' (ஆள் நம் இடத்துக்கே வந்து சரிசெய்வது) என்று அட்டையில் போட்டிருப்பது திசையன்விளைக்கும் ராதாபுரத்துக்கும் பொருந்துமா, அல்லது மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுமா? வாங்குவதற்கு முன்பே கம்பெனியின் இலவச எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். விற்கிற அண்ணாச்சி நல்லவராகவே இருக்கட்டும். வாரண்டியை நடத்துவது அவர் அல்ல. நான் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆபீஸில் மதர்போர்டு போய், வாரண்டி இருந்தும், பாகத்துக்காகக் காத்துக் காத்துச் சம்பளப் பட்டியலைக் கையால் எழுதினார்கள். பெரிய கம்பெனிதான். பெயர் இங்கே தேவையில்லை. அந்தப் பாகம் நம் ஊரில் இல்லை என்பதுதான் பிரச்சினை.

வாரண்டி அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். கரன்ட் ஏறி எரிந்தது, தண்ணீர் பட்டது, துரு, பூச்சி புகுந்தது ஆகியவை பெரும்பாலும் வாரண்டியில் வராது. நம் பக்கம் கம்ப்யூட்டரைக் கொல்வதே இவைதான். திசையன்விளை பக்கம் ஆடிக் காற்றில் தேரி மணல் பறக்கும். உவரி, கூத்தங்குழி பக்கம் உப்புக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் இடி. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி) பல்லி போய்ப் படுத்தால் அதோடு சரி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் தரைமட்டத்தில் இருந்த கடைகளில் போன கம்ப்யூட்டர்களுக்கு வாரண்டி எதுவும் உதவியிருக்காது.

வாரண்டிக்குள் வர வேண்டியதைக் கம்பெனி மறுத்தால் சும்மா விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையிடம் எங்கே என்பது தடையில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பல விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். பில் இல்லாமல் மலிவாக வாங்கியவருக்கு இந்த வழியில் போவது பெரும்பாடு.

கடைக்கு: பிராண்டட் டெஸ்க்டாப்பா, அசெம்பிளா?

இங்கே என் முடிவு லேப்டாப்புக்குச் சொன்னதற்கு நேர்மாறு. பிராண்டட் டெஸ்க்டாப் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் எஸ்எம்பிஎஸ் போனால் திசையன்விளைக் கடையில் மாற்று கிடைக்காது. திரையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியாக வரும் ஆல்-இன்-ஒன் இன்னும் மோசம். திரை போனாலும் முழுப் பெட்டியும் சர்வீஸுக்குப் போக வேண்டும். இ-சேவை மையத்தில் மெஷின் நின்றால் அன்றைய வருமானம் நின்றது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்த மெஷினில் எந்தப் பாகம் போனாலும், வள்ளியூரிலோ நெல்லையிலோ அன்றைக்கே வாங்கி மாட்டலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டியும் உண்டு. உப்புக் காற்று ஊருக்கு இது பெரிய லாபம்.

அசெம்பிள் செய்பவர் பணம் மிச்சம் பிடிக்கிற இடம் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வருவதை மாட்டிவிடுவார். 500 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் இருக்கும், கையில் தூக்கினால் கனமே இருக்காது. அது வெடிக்கும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். '80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த முத்திரை கரன்ட் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். மின்னழுத்தம் ஏறினால் காப்பாற்றுமா என்று சொல்லாது.

இங்கேயும் கம்பெனிப் பெயர் ஏமாற்றும். கிகாபைட்டின் மதர்போர்டுகள் நம் ஊரில் நன்றாக ஓடுகின்றன. அதே கிகாபைட் பெயரில் வந்த 750, 850 வாட்ஸ் பவர் சப்ளை மாடல்கள் இரண்டு 2021-இல் விமர்சகர்களின் சோதனையில் வெடித்து, கம்பெனி மாற்றித் தர முன்வர வேண்டியதாயிற்று. அவற்றைச் செய்தது வேறொரு கம்பெனி. பவர் சப்ளைக்கு நான் பார்ப்பது வாரண்டியை. கோர்செயரின் சிஎக்ஸ் போன்ற நடுத்தர வரிசைக்கு 5 வருடமும், சீசானிக் ஃபோகஸ் போன்ற மேல் வரிசைக்கு 10 வருடமும் தருகிறார்கள். ஒரு வருட வாரண்டி உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மதினி கடைக்கு மாட்ட எனக்கு மனது வராது.

யூபிஎஸ் பற்றிச் சுருக்கமாக: எந்தக் கம்பெனி என்றாலும் உள்ளே உள்ள பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போகும். பேட்டரியை மாற்றித் தருபவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே தேர்வு. அதைவிட முக்கியம் எர்த். கடை வாடகைக்கு என்றாலும் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் முதல் பிளக்கைச் சொருக வேண்டும்.

ஆக, நாங்கள் முடிவு செய்தது இப்படி. மதினி கடைக்கு அசெம்பிள் டெஸ்க்டாப்: கோர் ஐ3 போதும், 16 ஜிபி ராம், 5 வருட வாரண்டி எஸ்எஸ்டி, 5 வருட வாரண்டி எஸ்எம்பிஎஸ். கேபினெட் தரையில் இருக்காது, மேசைமேல் இருக்கும். கூடவே ஒரு ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் லேப்டாப். கரன்ட் போனாலும் டெஸ்க்டாப் படுத்தாலும் அன்றைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்க அது. பையனுக்கு ஆபீஸ் ரகத்திலேயே தொடக்க விலை லேப்டாப், புதிது, மூன்று வருட ஆன்சைட் வாரண்டியோடு. வீட்டு ரகத்தைவிடப் பிராசஸர் ஒரு படி குறைவுதான். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். நாலு வருடம் ஹாஸ்டலில் அந்த லேப்டாப் படப்போகிற பாட்டை நினைத்தால் எனக்கு வருத்தமில்லை.

கடைக்கணக்குக்கு இரண்டு வெளி டிஸ்க் சொல்லியிருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு மாதத்தில் வாங்க வேண்டும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்து, வாரண்டி முடியும் தேதி பில்லோடு ஒத்துப்போகிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். அந்தத் திரையைப் போட்டோ எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.